ஜாவா குரைத்த இடம்

“பதிவேட்டில பேரே இல்லாத ஆளை எங்க போய்த் தேடச் சொல்றீங்க?” என்று கேட்டார் மேலாளர் பிரதாப்.

சோலைக்கொம்பு எஸ்டேட்டில் மண் சரிந்து இரண்டு நாட்கள் முடிந்திருந்தன. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி. தேயிலைத் தொழிற்சாலை வாசலில் போட்டிருந்த மேசைமேல் எஸ்டேட்டின் ஆள் பதிவேடு விரிந்து கிடந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் முப்பத்தொரு பேர். பத்தொன்பது பேர் உயிரோடு கிடைத்தார்கள். பன்னிரண்டு பேரைத் துணி போர்த்தி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். எண்ணிக்கை சரியாகிவிட்டது. தேடுதல் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட, மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

அப்போதுதான் பேச்சித்தாய் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். இருபது வருடமாக அங்கே இலை பறிக்கிறவள். துணி போர்த்திய பன்னிரண்டு பேரில் அவள் தம்பியும் ஒருவன். அழுது ஓய்ந்த குரலில் அவள் சொன்னது இதுதான்: மேலே, இரண்டாவது ஓடைக்கு அந்தப்பக்கம், பழைய தேயிலைத் தூள் கிடங்கில் பதினொரு பேர் இருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து ஒப்பந்தக்காரன் கூட்டிவந்த ஆட்கள். அவர்களுக்கு லைன் வீடு கொடுக்கவில்லை, பதிவேட்டில் பெயரும் எழுதவில்லை. கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே குடிவைத்திருந்தார்கள்.

அவர்கள் போன வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்றார் பிரதாப்.

“சரிவுக்கு மொத நாள் சாயங்காலம் என் பக்கத்து நிரையில நின்னு இலை எடுத்தா சோமாரி. என்கிட்ட வெத்தலை வாங்கிப் போட்டுக்கிட்டா” என்றாள் பேச்சித்தாய். “போன வாரம் போனவ எப்படி வந்து வெத்தலை போடுவா, தொரை?”

 பிரதாப் பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பினார்.

பத்தடி தள்ளி, நாயின் கண்ணில் படிந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த அமலோற்பவம் இதையெல்லாம் கேட்டாள். மீட்புப் படையின் நாய்ப் பிரிவில் தலைமைக் காவலர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. இரண்டு நாளாகத் தூங்காதவள். அவள் எழுந்து மேசைக்கு வந்தபோது முகம் அமைதியாகத்தான் இருந்தது. அவளோடு வேலை பார்க்கிற குருபாதத்துக்கு மட்டும் அந்த அமைதியின் அர்த்தம் தெரியும். அவன் சத்தமில்லாமல் கயிற்று மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

நாயோடு மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அனுமதி வேண்டும் என்றாள் அமலோற்பவம். அதிகாரி தயங்கினார். தலைநகரிலிருந்து பெரிய ஆள் ஒருவர் மாலை நான்கு மணிக்குப் பார்வையிட வருகிறார். அதற்குள் சரிவின் அடிவாரத்தில் மூடிக்கிடக்கும் சாலையைத் திறந்தாக வேண்டும். இரண்டு பொக்லைன்கள் ஏற்கெனவே வந்து நிற்கின்றன.

அடிவாரத்து மண்ணை எடுத்தால் மேலே இருக்கிற மண் மறுபடியும் இறங்கும் என்றாள் அவள். கடைசியில் அதிகாரி ஒத்துக்கொண்டார். மதியம் இரண்டு மணி வரை இயந்திரம் எதுவும் அசையாது. அதற்குள் தகவல் வர வேண்டும்.

ஐந்தே நிமிடத்தில் கிளம்பினார்கள். வழி காட்டப் பேச்சித்தாய், கயிற்றோடு குருபாதம், வாக்கி-டாக்கியோடு அமலோற்பவம், எல்லோருக்கும் முன்னால் ஜாவா.

சாலை போய்விட்டதால் சோலைக்காட்டின் வழியாக ஏற வேண்டியிருந்தது. மழை விட்டுவிட்டு அடித்தது. அட்டைகள் காலில் ஏறின. பேச்சித்தாய் உப்பைத் துணியில் முடிந்து குச்சியில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதை வைத்து எல்லோர் காலிலும் ஒற்றிக்கொண்டே நடந்தாள். நாயின் வயிற்றில் ஒட்டியிருந்த அட்டைகளையும் அவளே எடுத்தாள். இது என்ன சாதி நாய் என்று கேட்டாள்.

அது குருபாதத்துக்குப் பிடித்த கதை. ஜாவாவின் தாய் காவல்துறை நாய்க் கூடத்தில் பதக்கம் வாங்கிய லாப்ரடார். தகப்பன் யாரென்று தெரியாது. ஏதோ ஒரு தெருநாய் மதில் ஏறிக் குதித்திருக்கிறது. குட்டியிலேயே பழைய ஜாவா பைக் உதைக்கிற மாதிரி உறுமியதால் அந்தப் பெயர். ஒரு வயதில் வெடிகுண்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே வெடியைக் கண்டுபிடித்த நாய் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். ஜாவா எல்லா வெடியையும் கண்டுபிடித்தது, ஒவ்வொன்றையும் பார்த்துக் கூரை அதிரக் குரைத்தது. மூன்று மாதத்தில் ‘பயன்படாது’ என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள். யாருக்காவது வீட்டுக் காவலுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தபோது அமலோற்பவம் போய்ப் பார்த்தாள். இடிபாட்டில் தேடுகிற நாய்க்குக் குரைப்புதான் வேலை. மண்ணுக்கடியில் ஆள் உயிரோடிருந்தால் அந்த இடத்தில் நின்று விடாமல் குரைக்க வேண்டும்.

அவள் அதைச் சிமென்ட் குழாய்களில் பழக்கினாள். குருபாதம் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்வான். ஜாவா கண்டுபிடித்துக் குரைத்தால் டயர் ரப்பர்த் துண்டு ஒன்றை வீசி விளையாட்டுக் காட்டுவான். ஏழு வருடத்தில் புயல், வெள்ளம், இடிந்த கட்டடம் என்று பதினான்கு இடங்களுக்குப் போனது. உயிரோடு ஒன்பது பேரை எடுத்துக் கொடுத்தது. செத்தவர்களையே தொடர்ந்து கண்டுபிடிக்கிற நாட்களில் அது சோறு தின்னாமல் படுத்துவிடும். அன்றைக்குக் குருபாதம் எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள ஒரு ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் அது தட்டுப்பக்கம் வரும்.

பத்தாவதாக வெளியே வந்திருக்க வேண்டிய ஒருத்தியைப் பற்றி அவன் பேசவில்லை. அமலோற்பவம்தான் சொன்னாள், ஏறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நகரத்தில் நான்கு மாடிக் கட்டடம் இடிந்தது. வடகிழக்கு மூலையில் ஜாவா குரைத்தது. இடிபாட்டுக்கடியில் சத்தம் பிடிக்கிற கருவியில் ஒன்றும் கேட்கவில்லை, நாய் களைத்துப்போய்க் கத்துகிறது என்றார் மேலதிகாரி. இயந்திரத்தை விட்டார்கள். மறுநாள் அந்த மூலையில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. இறந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது என்றார் மருத்துவர். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

“அன்னைக்கு நான் இயந்திரத்துக்கு முன்னாடி போய் நின்னிருக்கணும்” என்றாள் அமலோற்பவம். “நிக்கல. சல்யூட் அடிச்சிட்டு வந்துட்டேன்.”

முதல் ஓடையைக் கல் தாண்டிக் கடந்தார்கள். இரண்டாவது ஓடை அப்படி இல்லை. செம்மண் நிறத்தில், மரங்களை உருட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் அவர்களைக் கரையோரமாகவே மேலே கூட்டிப்போய், இரண்டு பாறைகள் நெருங்கி நிற்கிற இடத்தைக் காட்டினாள். குருபாதம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். நடுவில் வெள்ளம் அவன் காலை வாரியது. ஒரு கணம் தலை மட்டுமே தெரிந்தது. பெண்கள் இருவரும் கயிற்றை மரத்தில் சுற்றி இழுத்துப் பிடித்தார்கள். அவன் அக்கரை வேரைப் பற்றி ஏறிக் கயிற்றை ஒரு மரத்தில் இறுக்கிக் கட்டினான்.

அடுத்தது ஜாவா. அதன் மார்புப் பட்டையைக் கப்பியில் மாட்டித் தொங்கவிட்டார்கள். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, நான்கு கால்களையும் தொங்கப் போட்டுக்கொண்டு, அது அசையாமல் போனது. கண் மட்டும் அமலோற்பவத்தின் மேலேயே இருந்தது. அவளும் பேச்சித்தாயும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் கடந்தார்கள்.

கிடங்கு இருந்த இடத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. அங்கே கிடங்கு இல்லை. மலை மேலிருந்து கிழித்த மாதிரி ஒரு சிவப்புப் பட்டை இறங்கிக் கீழே சாலை வரை போயிருந்தது. நடுவில் ஒரு சுவரும் வளைந்த தகரங்களும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு தகரத்தில் துவைத்துக் காயப்போட்ட பாவாடை இன்னும் சிக்கிக்கொண்டிருந்தது.

பேச்சித்தாய் அதைப் பார்த்துவிட்டு, “போன வாரம் போனாங்களாம்” என்றாள்.

அமலோற்பவம் நாயின் மார்புப் பட்டையைக் கழற்றி, “தேடு” என்றாள். ஜாவா மூக்கைத் தாழ்த்திக் குறுக்கும் நெடுக்குமாகப் போனது. சுவரோரம் நின்றது. மண்ணை முகர்ந்து, வாலைத் தாழ்த்தி, மெதுவாக முனகியது. குரைக்கவில்லை. குருபாதம் அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினான். இன்னொரு இடம். இன்னொரு குச்சி. அரை மணி நேரத்தில் ஐந்து குச்சிகள் நின்றன. ஐந்தாவது குச்சிக்குப் பிறகு ஜாவா வந்து அமலோற்பவத்தின் கால்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது. அவள் குனிந்து அதன் காதைத் தடவினாள்.

“போ. இன்னொரு தடவை பாரு” என்றாள்.

நாய் இந்தத் தடவை கிடங்குப் பக்கம் போகவே இல்லை. காற்றில் மூக்கை உயர்த்தியது. சரிவின் ஓரத்தில் அறுபது எழுபது அடி கீழே இறங்கியது. பெரிய பாறைகளும் வேரோடு சாய்ந்த மரங்களும் குவிந்து கிடந்த இடத்தில் நின்று, ஒரு சுற்று சுற்றிவிட்டு, குரைத்தது. நிறுத்தாமல் குரைத்தது.

குருபாதம் ஓடினான். அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டதற்கு, சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, மேலே மூடி போட்டது, பாதி தரைக்குள் இருக்கும் என்றாள் பேச்சித்தாய். விடியுமுன் தண்ணீர் பிடிக்க அங்கேதான் வருவார்கள். மண் சரிந்ததும் விடியுமுன்தான்.

மூவரும் படுத்து மண்ணில் காதை வைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க விடாமல் கீழேயிருந்து வேறொரு சத்தம் வந்தது. தரை லேசாக அதிர்ந்தது. மேலேயிருந்து சிறு கற்கள் உருண்டு வந்து காலில் பட்டன. சரிவின் அடிவாரத்தில் பொக்லைன்கள் மண் அள்ளத் தொடங்கியிருந்தன.

மணி பன்னிரண்டே முக்கால்.

அமலோற்பவம் வாக்கி-டாக்கியை எடுத்தாள். நாய் குரைக்கிறது, உயிரோடு ஆள் இருக்கிறது, இயந்திரத்தை நிறுத்துங்கள் என்றாள். அதிகாரியின் குரல் வந்தது. பெரியவர் முன்கூட்டியே வருகிறாராம். சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு நிறுத்திவிடுவார்களாம். கண்ணால் ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

“நாய் பார்த்திருக்கு சார்.”

நாயின் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்த முடியாது என்றார் அவர். பக்கத்தில் பிரதாப் ஏதோ சொல்வது கேட்டது. ‘ஒப்பந்த ஆளுங்க’ என்ற வார்த்தை மட்டும் தெளிவாக விழுந்தது. பிறகு தொடர்பு அறுந்தது.

அமலோற்பவம் வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகினாள். அவள் கத்தவில்லை. பேச்சித்தாயின் பக்கம் திரும்பி, கீழே எவ்வளவு வேகமாக இறங்க முடியும் என்று கேட்டாள்.

“சரிவு ஓரமாவே வழுக்கிட்டுப் போனா கால் மணி நேரம். ஓடை இங்க மண்ணுக்கடியில போயிருச்சு, அதைத் தாண்ட வேண்டியதில்ல.”

அந்த வழி ஆபத்து என்றான் குருபாதம். தெரியும் என்றாள் பேச்சித்தாய். சேலையை வரிந்து கட்டினாள்.

“நீங்க தோண்டுங்க மேடம். அந்த மிசினை நான் பார்த்துக்கறேன்.”

அவள் கீழே போய்ச் சேர்ந்ததை அவர்கள் பார்க்கவில்லை. பிறகு கேள்விப்பட்டதுதான். உடம்பெல்லாம் சேறாக வந்து, தொழிற்சாலை வாசலில் பிணங்களுக்கு அருகில் உட்கார்ந்திருந்த பெண்களிடமும், பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து துக்கத்துக்கு வந்திருந்தவர்களிடமும் நான்கே வார்த்தை சொன்னாளாம்: ‘மேல உயிரு இருக்கு, வாங்க.’ நாற்பது பெண்கள் எழுந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. நேராகப் போய்ப் பொக்லைனின் கைக்குக் கீழே சேற்றில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கச் சொன்ன பிரதாப்பிடம், “மேல இருக்கற உயிரு வெளிய வரட்டும், என் தம்பியையும் பொதைச்சுக்கறேன், அதுக்கப்புறம் என்னைத் தூக்கிப் போடுங்க” என்றாளாம் பேச்சித்தாய். ஓட்டுநர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை அணைத்துக் கீழே இறங்கிவிட்டான்.

மேலே, ஒன்றேகால் மணிக்கு, சத்தம் நின்றது. அமலோற்பவமும் குருபாதமும் வெறும் கையாலும் சின்ன மண்வெட்டியாலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் முதல் தடவையாக அது கேட்டது. டங். சற்று இடைவெளி. டங். அலுமினியப் பாத்திரத்தைச் சிமென்டில் தட்டுகிற சத்தம்.

குருபாதம் அழுதான். அழுதுகொண்டே தோண்டினான்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்தது. ஆள் நுழைய முடியாத சந்து. ஜாவா உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை, தலையை விட்டு நுழைந்துவிட்டது. அமலோற்பவம் அதன் கழுத்தில் கட்டியிருந்த நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. பத்தடி, பன்னிரண்டடி. அப்போது மேலே மண் நகர்ந்தது. குருபாதம் அவளை இழுத்துப் பின்னால் தள்ளினான். ஒரு கூடை மண்ணும் கல்லும் விழுந்து சந்தின் வாயை அடைத்தன. கயிறு தளர்ந்தது.

அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது தெரியவில்லை. ஜாவா, ஜாவா என்று கூப்பிட்டுக்கொண்டே வாரினாள்.

உள்ளேயிருந்து குரைப்பு வந்தது. அடைபட்ட, ஆழமான குரைப்பு. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல்.

சந்தை மறுபடியும் திறந்து, அகலப்படுத்தி, மரக்கட்டையை முட்டுக் கொடுத்து முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் கீழேயிருந்து மீட்புப் படையின் மற்ற ஆட்கள் ஆறு பேர், யாருடைய உத்தரவையும் எதிர்பார்க்காமல், சரிவோரமாக ஏறி வந்துவிட்டார்கள். தொட்டியின் மூடி பாறையால் பிளந்து, உள்ளே ஒரு மூலை மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் மூன்று பேர் இருந்தார்கள். சோமாரி, அவள் நாத்தனார் பூல்மணி, பூல்மணியின் புருஷன் ஏத்வா. ஏத்வாவின் கால் ஒடிந்திருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் இரண்டரை நாள் நின்றும் உட்கார்ந்தும், அதையே குடித்தும் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஜாவாவின் முன்காலில் தகரம் கிழித்து ரத்தம் ஒழுகியது. சோமாரி தன் முந்தானையைக் கிழித்து அதில் கட்டியிருந்தாள்.

மாலை நான்கரை மணிக்குத் தொழிற்சாலை வாசலுக்கு மூன்று தூக்குப் படுக்கைகள் வந்து சேர்ந்தன. பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். பெரிய ஆளின் கார்கள் அடிவாரத்திலேயே திரும்பிப் போயிருந்தன. குருபாதம் ஜாவாவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அதை இறக்கிவிட்டதும் பேச்சித்தாய் வந்து அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, சேறு காய்ந்த அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சோமாரியிடம் போனாள்.

அதிகாரி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். வாழ்த்துக்கள் என்று சொல்லிக் கையை நீட்டினார். அமலோற்பவம் அந்தக் கையைப் பார்க்கவில்லை. பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, வெறும் பக்கம் ஒன்றைத் திருப்பி வைத்தாள்.

“பதினொரு பேர் சார். எழுதுங்க.”

இவர்கள் எஸ்டேட் ஆட்கள் இல்லை, ஒப்பந்தக்காரனின் பொறுப்பு என்று ஆரம்பித்தார் பிரதாப்.

“நீங்க பேசாதீங்க” என்றாள் அவள். அப்போதும் குரல் உயரவில்லை. “அஞ்சு குச்சி நட்டுட்டு வந்திருக்கோம். இன்னும் மூணு பேர் எங்கன்னே தெரியல. போன வாரம் போயிட்டாங்கன்னு சொன்ன வாயால ஒரு பேரைச் சொல்லுங்க பார்ப்போம். ஒரே ஒரு பேர்.”

பிரதாப்புக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. படுக்கையில் கிடந்தபடி சோமாரிதான் சொன்னாள். ஒவ்வொன்றாக, மூச்சு வாங்கி வாங்கி. அதிகாரி தலை நிமிராமல் எழுதினார். எட்டாவது பெயர் அவள் புருஷனுடையது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் நிறுத்தினாள். பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தேடுதல் மேலும் நான்கு நாள் நடந்தது. எட்டு உடல்களும் கிடைத்தன. பேச்சித்தாயின் தம்பிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். பதிவேடு விசாரணைக்குப் போனது. பிரதாப்பும் ஒப்பந்தக்காரனும் கைதானார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

அமலோற்பவத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. இயந்திர வேலையைத் தடுக்கப் பொதுமக்களைத் தூண்டியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: ‘நாய் குரைத்தது, உயிர் இருந்தது, வேறு வழி விடவில்லை.’ அவளுக்கு ஆறு மாதம் பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றிக் கேட்டவர்களிடம், மூன்று பேருக்கு ஆறு மாதம் மலிவுதான் என்றாள்.

கால் ஆறி, மறு வருடம் மழைக்காலத்தில் ஜாவா வேறொரு மலையில் வேலைக்கு வந்தது. அங்கே ஒரு பள்ளிக் கட்டடத்தின் பின்சுவர் சரிந்திருந்தது. சுற்றிலும் சத்தம், கூட்டம், அதிகாரிகள். இடிபாட்டின் நடுவே ஜாவா நின்று குரைத்தது. அமலோற்பவம் வாயைத் திறக்குமுன் பொக்லைன் ஓட்டுநர், முன்பின் தெரியாத ஆள், சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார். பக்கத்து இயந்திரத்து ஆளைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவனும் அணைத்தான்.

எல்லோரும் பேச்சை நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.